ஒரு குவளை நீர்

சம்பா விளைந்து முற்றிய தைத் திங்கள், ஞாயிற்றுக்கிழமைக் காலை. கற்றறிந்த பெரியீர், நன்னிலத்தை அடுத்த அச்சிற்றூரை நீவிர் அவ்வேளையில் கண்டிருப்பீராயின், பொற்கதிர்கள் தம் பொறை தாளாமல் வரப்பின்மேல் தலை வைத்துக் கிடப்பதையும், அரசலாற்று நீர் வாய்க்கால்தோறும் பாய்ந்து வயல்களை வளர்த்து முடித்த பெருமிதத்தோடு மெல்ல நடப்பதையும், தென்னஞ்சோலையின் நடுவே அன்னை மரியாளின் சிறுகோயில் புது வெண்மை பூசிப் பொலிவதையும் கண்டு மகிழ்ந்திருப்பீர். கோயிலின் பின்புறத்தே மூன்று பேரடுப்புகளில் ஊன்சோறு வெந்து மணந்துகொண்டிருந்தமையால், வழிபட வந்தோரின் நெஞ்சம் பீடத்தின் பக்கமும் மூக்கு அடுப்பின் பக்கமுமாய் இழுபட்டன. அதனை ஒரு குற்றமாகக் கொள்ளாதீர்.

அன்று அன்பரசன், செம்மொழி என்னும் இணையரின் மகளுக்குத் திருமுழுக்கு விழா. தந்தை காலத்தில் பிறர் வயலில் நாற்றுப் பறித்த குடியில் பிறந்து, இன்று தன் சொந்த நிலத்தில் உழுது விளைப்பவன் அன்பரசன். குழந்தையின் நம்பிக்கை வாழ்வுக்குப் பொறுப்பேற்கும் ஞானத்தந்தையாக நிற்பதற்கென்றே அவன் அண்ணன் தியாகராசன் சிங்கப்பூரிலிருந்து வந்திருந்தான். வந்த நாள் முதல் தன் பட்டு வேட்டியை நான்கு முறை மடித்து வைத்துவிட்டான். பத்துத் திங்கள் நிரம்பிய அக்குழந்தையோ யாருடைய பட்டையும் பொருட்படுத்தாது, தாயின் கழுத்துச் சங்கிலியைக் கடித்துக்கொண்டிருந்தது.

செம்மொழி சிரித்தாள், வந்தோரை எல்லாம் வாங்க வாங்க என்று வரவேற்றாள். ஆயினும் அவள் நெஞ்சில் ஒரு முள் இருந்தது. அவள் ஈன்றது ஒரு மகவன்று, இரட்டைப் பெண்மக்கள். காலம் நிரம்புமுன்பே நகரத்து மருத்துவமனை ஒன்றில் பிறந்த அவ்விருவருள் மூத்தவள் ஒரு நாழிகைகூட வாழாமல் மறைந்தாள். நினைவிழந்து கிடந்த செம்மொழி மூன்றாம் நாள் கண் விழித்தபோது, பெயரும் இடப்பெறாத அச்சிறுமகளைக் கல்லறைத் தோட்டத்துச் சுவரோரம் புதைத்துவிட்டு வந்திருந்தனர். கடவுளின் இரக்கத்திற்குக் கரை இல்லை, அஞ்சாதே என்று பங்குத்தந்தை அப்போதே ஆறுதல் கூறினார். அதை அவள் நம்பத்தான் செய்தாள். என்றாலும், நீரால் இறைவனின் பிள்ளையாகும் பேறு தங்கைக்குக் கிட்ட, அக்காளுக்குக் கிட்டாமற் போயிற்றே என்று எண்ணி எண்ணித் தனக்குள்ளே புழுங்கினாள். கணவனிடமும் இதை அவள் சொன்னதில்லை.

குழந்தையைப் பேணிக் காத்த செவிலி மங்களாம்பிகையையும் அவள் மறக்கவில்லை. பேறு நிகழ்ந்த அவ்வாரமே வேற்றூருக்கு மாற்றப்பட்ட அவளை, ஆள் மேல் ஆள் கேட்டு மயிலாடுதுறையில் கண்டுபிடித்து, குழந்தைக்குக் கோயிலில் விழா என்று மட்டும் சொல்லியனுப்பி அழைத்திருந்தாள். நெற்றியில் திருநீறு துலங்க, எந்நேரத்தில் எழுவது, எந்நேரத்தில் அமர்வது என்று தெரியாமல், மங்களாம்பிகை கடைசித் தூணருகே நின்றுகொண்டிருந்தாள்.

கோயில் வாயிலில் பெற்றோரை எதிர்கொண்ட பங்குத்தந்தை, "இக்குழந்தைக்கு என்ன பெயர் இடுகின்றீர்கள்?" என்று வினவினார்.

"அருள்மலர்."

"அருள்மலருக்காகத் திருச்சபையிடம் என்ன வேண்டுகின்றீர்கள்?"

"திருமுழுக்கு" என்றனர் இருவரும்.

தூணருகே நின்றவளுக்கு வியப்புத் தாளவில்லை. "அதான் அன்னிக்கே குடுத்தாச்சுங்களே, சாமி!" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டாள்.

கோயிலில் இருந்தோர் அனைவரும் திரும்பினர். மங்களாம்பிகை தூணின் பின்னே ஒதுங்கினாள்.

"பயப்படாம சொல்லுங்கம்மா" என்றார் பங்குத்தந்தை.

"இவங்கதான் என் கையப் புடிச்சிக்கிட்டு, என் புள்ளைங்க தவறிடும் போல இருந்தா இந்த வார்த்தையச் சொல்லித் தண்ணி ஊத்துங்கன்னு மூணு தரம் சொல்லிக் குடுத்தாங்க. அப்புறந்தான் மயங்குனாங்க. ஏம்மா, உங்களுக்கு நெனப்பே இல்லையா?"

செம்மொழிக்கு அது சிறிதும் நினைவில் இல்லை.

"அவங்க நம்ம வேதம் இல்லையே, சாமி. அது எப்படிச் செல்லும்?" என்று தியாகராசன் முன்வந்தான். தந்தை அவனைக் கையமர்த்திவிட்டு, "எப்படிம்மா ஊத்துனீங்க? என்ன சொன்னீங்க?" என்று கேட்டார்.

"குவளையில தண்ணி எடுத்துத் தலையில ஊத்துனேங்க. தந்தை, மகன், தூய ஆவியாரின் பெயராலே உனக்குத் திருமுழுக்குக் கொடுக்கிறேன்னு சொன்னேன்."

"என்ன நெனச்சு ஊத்துனீங்க?"

"எனக்கு என்னங்க தெரியும்? உங்க கோயில்ல என்ன செய்வாங்களோ அதையே செய்யறோம்னுதான் நெனச்சேன். பெத்தவ கேக்கறாங்களே."

தந்தையின் முகம் மலர்ந்தது. "செல்லும். முழுசாச் செல்லும். உயிருக்கு ஆபத்துன்னா யாரு வேணும்னாலும் குடுக்கலாம். ஒரு தடவ குடுத்தத மறுபடி குடுக்க முடியாது."

செம்மொழி அவர் கூறியதைக் கேட்டாளில்லை. குழந்தையைக் கணவன் கையில் திணித்துவிட்டு மங்களாம்பிகையிடம் ஓடினாள்.

"அக்கா, எந்தப் புள்ளைக்கு ஊத்துனீங்க?"

"ரெண்டுக்குந்தாம்மா. மூத்ததுக்குத்தான் மொதல்ல."

"அப்ப உசுரு..."

"இருந்துச்சும்மா. தண்ணி பட்டதும் கண்ணத் தொறந்து பாத்துச்சு."

பத்துத் திங்களாய் அடக்கிய அழுகை அப்போது உடைந்தது. மங்களாம்பிகையைக் கட்டிக்கொண்டு செம்மொழி அழுதாள்; அழுகையினூடே சிரித்தாள். அன்பரசனும் குழந்தையின் தலையில் முகம் புதைத்து விம்மினான். தன் மனையாள் எதைச் சுமந்து திரிந்தாள் என்பது அப்போதுதான் அவனுக்கு விளங்கிற்று.

"தைலம் பூசி, வெள்ளை உடுத்தி, திரி ஏத்துறதுதான் இன்னைக்கு மிச்சம்" என்ற தந்தை, "திருமுழுக்கு ஏட்டுல ரெண்டு பேரையும் எழுதணும். மூத்தவ பேரு என்னம்மா?" என்று கேட்டார்.

அன்பரசன் மனைவியின் முகத்தைப் பார்த்தான். செம்மொழி கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஊரார் அனைவரும் கேட்கும்படி, "அமலி" என்றாள்.

"அமலி, அருள்மலர். ரெண்டு பேரும் கடவுளோட பிள்ளைங்க" என்றார் தந்தை. ஆமென் என்று எழுந்த ஒலியில் தென்னையிலிருந்த கிளிகள் சிதறிப் பறந்தன. தியாகராசன் மங்களாம்பிகையிடம் சென்று கைகூப்பி, "நான் சிங்கப்பூர்லேருந்து வர்றதுக்குள்ள வேலைய முடிச்சிட்டீங்களேக்கா! சாப்பாட்டுக்காவது என் பக்கத்துல உக்காருங்க" என்றான்.

பெரியீர், விண்ணுலகின் வாயிலைத் திறக்கப் பொற்சாவி வேண்டுமென்று எண்ணுவார் எண்ணுக. நம்பிக்கையுள்ள தாய் ஒருத்தியின் சொல்லும், அச்சொல்லை மதித்த வேற்று நெறியாளின் கையும் அதற்குப் போதுமாயின. ஒரு மகளை ஏந்தி அக்கோயிலுக்குள் சென்ற செம்மொழி, இரு மக்களின் தாயாய் வெளியே வந்தாள்.