பெல்ஜியத்து மயில்

"கல்லைக் கழத்திக் காட்டுங்க, மாமா."

திருத்தங்கல்லில் பஸ் ஏறியதிலிருந்து விருதுநகரில் இறங்கும்வரை, இதை மட்டும் கேட்டுவிடாதே என்று ரத்தினசாமி மகளிடம் கெஞ்சிக்கொண்டே வந்தார். கடைக்குள் நுழைந்து சர்பத் வருவதற்குள் செல்லக்கனி கேட்டுவிட்டாள்.

கனகசபாபதியின் முகம் நமுத்துப்போன வெடியானது. வைரக்கடை முதலாளி, அதற்கும் மேலே, செல்லக்கனிக்குப் பேசியிருக்கும் மாப்பிள்ளையின் பெரியப்பா. பெண்ணுக்கு வைரத்தோடு போட வேண்டும், அதையும் தன் கடையில்தான் எடுக்க வேண்டும் என்று பேச்செடுத்த அன்றே சொல்லிவிட்டவர். அதற்காக ரத்தினசாமி தன் அச்சாபீசில் இருந்த இரண்டு மிஷினில் ஒன்றை விற்க ஆள் பார்த்திருந்தார்.

"ஏந்தாயி, கட்டுன கல்லைக் கழத்தச் சொல்லுதியே, எங்க குடும்பத்து மேல நம்பிக்கை இல்லையா?"

"பின்னால தகடு வச்சு மூடியிருக்கீக. மின்னுறது கல்லா தகடான்னு எப்படித் தெரியும்? ஒழுங்கா வெட்டுன கல்லுன்னா உள்ள போன வெளிச்சம் திரும்ப மேலதான் வரணும். அடியில ஒழுகக் கூடாது."

"பி.எஸ்ஸி. படிச்சா வெளிச்சம்கூட ஒழுகுமோ? அண்ணாச்சி, உங்க வம்சத்துக்கே சேத்து இவளைப் படிக்கவச்சுட்டீக போல!"

சிரித்தபடியே பெட்டகத்திலிருந்து ஓர் அட்டையை எடுத்து நீட்டினார். தங்கக் கரை, நெருக்கமான இங்கிலீஷ், உச்சியில் தோகை விரித்த மயில்.

"பெல்ஜியத்துச் சர்ட்டிபிகேட்டு. வெள்ளைக்காரன் சோதிச்சுக் கையெழுத்துப் போட்டது. போதுமா?"

ரத்தினசாமிக்கு இங்கிலீஷ் தெரியாது, அச்சு தெரியும். அட்டையை விரலால் தடவியவருக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"ஏ பிள்ளே, இது நம்ம மயிலு! கம்பி மத்தாப்பு லேபிள்ல போடுவோமே! சீசன் முடிஞ்சு மிஷின் சும்மா கெடந்தப்ப ஏஜண்டு குடுத்த ஆர்டரு இந்த அட்டை. இந்தா, வால்ல ஒரு இறகு சிதைஞ்சிருக்கு பாரு. நாந்தான் அச்சேத்துனேன்!"

எங்கே உட்கார்ந்து பேசுகிறோம் என்பது அதற்கப்புறம்தான் அவருக்கு உறைத்தது.

"அப்ப அந்த வெள்ளைக்காரன் திருத்தங்கல்லதான் இருக்கான்," என்றாள் செல்லக்கனி. "கழத்துங்க மாமா."

இனி மறுத்தால் இன்னும் அசிங்கம். கனகசபாபதி குறட்டால் விளிம்பை நெம்பிக் கல்லை எடுத்தார். அவள் அதைக் கவிழ்த்து அதே அட்டையின் எழுத்துமேல் வைத்தாள். நல்ல வெட்டென்றால் அடியில் இருப்பதைப் படிக்க முடியாது. இதிலோ கிணற்றுக்குள் விழுந்த காசு மாதிரி எழுத்து பளிச்சென்று தெரிந்தது.

"வைரமாவே இருக்கட்டும். ஆனா அப்பளம் மாதிரி வெட்டியிருக்கு. தகட்டை எடுத்ததும் மினுக்கும் போச்சு."

"கல்யாணம் வேணுமா, வேண்டாமா?" கனகசபாபதியின் குரல் இறுகியது. "எந்தம்பி மகன் என் பேச்சைத் தட்ட மாட்டான், தெரிஞ்சுக்கோ."

"தெரியும். பொண்ணு பாக்க வந்தப்ப என்ன கேட்டாலும் உங்க மூஞ்சியப் பாத்துட்டுத்தான் பதில் சொன்னாரு. அவருக்கும் பின்னால தகடு வச்சுத்தான் காட்டியிருக்கீக."

"பிள்ளே, கொஞ்சம் யோசி..." என்றார் ரத்தினசாமி.

"யோசிச்சு முடிச்சாச்சு அய்யா. மிஷினு நம்மகிட்டயே இருக்கட்டும். இனிமே இங்கிலீஷ் ஆர்டர் வந்தா, நான் படிச்ச பொறவுதான் அச்சேறணும்."

அப்போதுதான் சர்பத் வந்தது. அதை அப்பாவின் பக்கம் நகர்த்திவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு செல்லக்கனி வெயிலில் இறங்கினாள்.