எட்டாம் கட்டிலின் காவலாளி

கைதி காவலாளியைக் காவல் காத்த கட்டில் உலகத்திலேயே ஒன்றுதான். அது நான் ஆண் தாதியாக இருந்த ஆஸ்பத்திரி வாட்டில், எட்டாம் இலக்கம். புத்தூர்த் தேநீர்க்கடையில் இதை நான் சொல்லாத நாளில்லை. "புளுகாதையும் காணும்" என்று அடைக்கலநாதன் மறுக்காத நாளுமில்லை. அந்தக் காவலாளியே அவர்தான். இப்போது என்னைப்போல ஓய்வூதியக்காரர்.

கைதி கதிரவேலு. எண்பத்துமூன்று வயது, ஆயுள் தண்டனை, வயிற்றில் புற்றுநோய். சிறையிலிருந்து வந்தபோது ஒரு பூனையின் நிறை இருந்திருப்பார். அந்தப் பூனையை மதம்பிடித்த யானைபோலக் கட்டிலோடு சங்கிலியில் பிணைத்திருந்தார்கள். சட்டம் அப்படி.

மூன்று வாரமாக உடம்பு துடைத்துவிட்டேன். கணுக்காலில் விலங்கு உரசிய அடையாளமே இல்லை. எனக்கு மண்டைக்குள் அரித்தது. ஒரு மத்தியானம் திரைச்சீலைக்குப் பின்னால் ஒளிந்து நின்றேன்.

அடைக்கலநாதன் சோற்றுப் பார்சலை முடித்துக் கதிரையில் சாய்ந்தார். குறட்டையில் யன்னல் கண்ணாடி இரண்டு உடைந்தது. பெரியவர் காலை மெல்ல இழுத்தார். விலங்கு வளையல்போலக் கழன்றது. ஓடினாரா? இல்லை. வெறுங்காலைத் தரையில் வைத்து, வாசலைப் பார்த்தபடி இருந்தார். மேலதிகாரியின் சப்பாத்துச் சத்தம் கேட்டதும் காலை உள்ளே நுழைத்துச் சங்கிலியைக் குலுக்கினார். அடைக்கலநாதன் துள்ளியெழுந்து சல்யூட் அடித்தார்.

"ஏன் ஐயா அவரை எழுப்பினனீங்கள்?" என்று பிறகு கேட்டேன்.

"உவனுக்கு நாலு பிள்ளையள், தம்பி. வேலை போனால் என்ன செய்வான்? எனக்கு வேண்டியது ஒண்டுதான். சாகேக்கை காலிலை இரும்பு இருக்கக்கூடாது."

விலங்கைக் கழற்ற அனுமதி கேட்டு ஆஸ்பத்திரியிலிருந்து சிறைக்குக் கடிதம் போனது. பதில் வருமுன்னரே பெரியவருக்கு மூச்சு இழுக்கத் தொடங்கியது. நான் கரண்டியால் வாயில் பால் விட்டேன். இரண்டாவது கரண்டி உள்ளே போகவில்லை. நிமிர்ந்து பார்த்தேன்; கால் வெறுமையாக இருந்தது.

"விலங்கு இருந்தது. அறிக்கையிலை எழுதிக் கையெழுத்து வைச்சனான்" என்று அடைக்கலநாதன் ஐந்து வருடமாகச் சாதித்தார். நித்திரை கொண்டதே இல்லையாம்.

நேற்று நான் விடவில்லை. "அண்டைக்கு அந்தாளுக்கு விரல் அசைக்கவும் பலமில்லை. அப்ப காலை வெளியாலை எடுத்தது ஆர்?"

அவர் தேநீரில் கட்டியிருந்த ஆடையை விரலால் ஒதுக்கினார்.

"நான்தான்," என்றார். "விலங்கைத் திறக்கத் திறப்பும் தேவைப்படேல்லை. என்னை எத்தினை தரம் காப்பாத்தின கால் அது. நீர் சொல்லுறது எல்லாம் நடந்ததுதான்." தேநீரை ஒரே இழுவையில் குடித்தார். "ஆனால் யன்னல் உடையேல்லை காணும்!"