பேராச்சியைச் சம்மதிக்க வைத்த கதை

ஜேஇஇ பரீட்சைக்கு இன்னும் இருபத்துநான்கு நாள். மும்பை தாராவியில் மாரீஸ்வரியின் வீட்டுக்குக் கீழே பனியன் தைக்கும் கார்கானா. பதினாறு மெஷின்களும் காலை எட்டு மணிக்குக் கத்த ஆரம்பித்தால் ராத்திரி பதினொன்றுக்குத்தான் வாயை மூடும். அதனால் அவள் படிப்பதெல்லாம் மாட்டுங்காவில், அம்மா பேராச்சி வேலை செய்யும் விஜயலக்ஷ்மி மாமி வீட்டின் பின்னறையில். ஃபேன், மேஜை, நாலு மணிக்கு ஒரு டம்ளர் காப்பி. மாமியைக் குறை சொல்ல அவளுக்கு அதுவரை ஒரு காரணமும் கிடைத்ததில்லை.

மாமியின் மகன் நகுலுக்கும் அதே வயதுதான். அமெரிக்கக் காலேஜுகளுக்கு விண்ணப்பம் போடுகிறான். சோம்பேறி, ஆனால் நல்ல பையன். கணக்கு வராதபோதெல்லாம் பின்னறைக்கு வந்து தலையைச் சொறிவான். அவள் சொல்லிக் கொடுப்பாள். பதிலுக்கு ஊர் உலகத்துப் பரீட்சைக் கதைகளை அளப்பான்.

"கொரியால லிஸனிங் டெஸ்ட் நடக்கறப்போ பிளேன்கூடப் பறக்காது, தெரியுமா? ஃபிரான்ஸ்ல ஒரே கேள்விக்கு நாலு மணி நேரம் எழுதணும்ப்பா! அதுவும் ஃபிலாஸஃபி."

"எங்களுக்கு மூணு மணி நேரத்துல எழுவத்தஞ்சு கேள்வி. தப்பாப் போட்டா இருக்க மார்க்கையும் கழிச்சிருவான். ஒங்க அமெரிக்காக்காரன் என்ன கேக்கான்?"

"மார்க் மட்டும் போறாதாம். நான் யாருன்னு ஒரு எஸ்ஸே எழுதணும்."

"அதுக்கு ஒனக்கு அரைப் பக்கம் போதுமே" என்றாள். அவனும் சேர்ந்து சிரித்தான்.

அந்த எஸ்ஸேதான் டிசம்பர் கடைசி ஞாயிற்றுக்கிழமை மாமியின் கையில் வந்தது.

"கொழந்தே, இதுக்கு அடியில ஒரு கையெழுத்துப் போடு. இதெல்லாம் உண்மைதான்னு நீ சொல்ற மாதிரி. அட்மிஷன் கன்சல்டண்ட் கேக்கறார், நாளன்னிக்கு அனுப்பியாகணும்."

நகுல் அம்மாவுக்குப் பின்னால் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். மாரீஸ்வரி வாசித்தாள். இரண்டு வருடமாகத் தாராவியின் ஏழைப் பெண் ஒருத்திக்கு அவன் கணக்குச் சொல்லித் தருகிறானாம். அவளுக்குச் சிரிப்புதான் வந்தது. போகட்டும், அறைக்கு வாடகை என்று வைத்துக்கொள்ளலாம். அடுத்த பத்தியில் அந்தச் சிரிப்பு நின்றது. பதினாறு வயதிலேயே அவளுக்குக் கல்யாணம் முடித்துவிட இருந்தாளாம் தாய். நகுல்தான் அந்தத் தாயின் எதிரே உட்கார்ந்து, பேசிப் பேசி, மகளைப் படிக்க விடச் சம்மதிக்க வைத்தானாம்.

மாரீஸ்வரி நிமிர்ந்தாள். "இது பொய், மாமி."

"எல்லாரும் கொஞ்சம் கூட்டித்தான் எழுதுவா. உங்கம்மா பேர்கூடப் போடலையே. எங்கேயோ இருக்கறவன் படிக்கப் போறான். உனக்கென்ன கொறஞ்சு போயிடும்?"

"நான் போட மாட்டேன்."

"அப்போ இந்த ரூமைப் பத்தி நானும் யோசிக்கணும்." மாமி குரலை உயர்த்தவே இல்லை.

பேச்சுக் கேட்டுச் சமையலறையிலிருந்து சோப்புக் கையோடு பேராச்சி வந்தாள். "கையெழுத்துதானட்டி, போட்டுக் குடேன். பரீட்சைய வச்சிக்கிட்டு எங்க போயிப் படிப்ப?"

"என்ன எழுதியிருக்குன்னு கேளும்மா மொதல்ல." மாரீஸ்வரி அந்தப் பத்தியைத் தமிழில் சொன்னாள். ஒரு வரி விடவில்லை.

பேராச்சி அசையாமல் கேட்டாள். இரண்டு வருடத்துக்கு முன்னால் மாப்பிள்ளை பேச வந்த சொந்த அண்ணனையே உள்ளே விடாமல் திருப்பி அனுப்பியவள் அவள். மகளின் டியூஷன் பணத்துக்காக நாலாவது வீட்டிலும் வேலை பிடித்தவள். நகுலின் பக்கம் திரும்பினாள்.

"நீ எப்பய்யா எங்கிட்ட பேசுன?"

அவன் காது சிவந்தது.

"ஏட்டி, அதை அடிச்சிட்டு நான் சொல்லுதத எழுது" என்றாள் பேராச்சி. "இவ அம்ம பேரு பேராச்சி. நாலு வீட்டுல பாத்திரம் தேய்ச்சு மகளப் படிக்க வைக்கா. மாப்ள பேச வந்த அண்ணன வாசலோட வெரட்டுனா. அவள எவனும் வந்து சம்மதிக்க வைக்கல."

மாரீஸ்வரி அந்தப் பத்தியின் மேல் குறுக்கே கோடு இழுத்தாள். ஓரத்தில் அம்மா சொன்னதை ஆங்கிலத்தில் எழுதினாள். பேராச்சி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, ஒரு புள்ளி விடாமல் தன் பெயரைத் தமிழில் எழுதி, தாளை மாமியிடம் நீட்டினாள்.

"இத அனுப்புங்க மாமி. அங்க உள்ளவனுக்குக் கதைதான வேணும்?"

மாமிக்கு முகம் கறுத்துவிட்டது. "இவ படிப்பு கெட்டா என்னைச் சொல்லப்படாது, பேராச்சி."

"கெடாது. பதினாறு மெஷினும் ஓடட்டும், எம் மக அதுக்கு மேலதான் உக்காந்து படிப்பா."

மாரீஸ்வரி புத்தகங்களை அள்ளிக்கொண்டு வந்தாள். செருப்பை மாட்டிய பேராச்சி, ஏதோ மறந்தவள் போலத் திரும்பினாள்.

"பாதிப் பாத்திரம் அப்படியே கெடக்கு மாமி. தம்பியத் தேய்க்கச் சொல்லுங்க. நெசமாவே ஒண்ணு செஞ்சேன்னு எழுதிக்கிடலாம்."