ஆளாளுக்கு சொன்ன ஒயின்

எனக்கு ஒரு வியாதி உண்டுங்க. எதுவா இருந்தாலும் நாலு பேர கேக்காம செய்ய மாட்டேன். செருப்பு வாங்கணும்னாலும் கேப்பேன், எந்தப் படத்துக்குப் போவணும்னாலும் கேப்பேன். என் சம்சாரம் சகாயமேரி, "உன் வாயில இருக்கறது நாக்கா, அடுத்தவன் ஊட்டு கரண்டியா?"ன்னு கேப்பா.

எம்பத்தெட்டு கிறிஸ்மஸ். அப்ப அம்பத்தூர் எஸ்டேட்ல லேத் ஓட்டிகினு இருந்தேன். ஊடு ஆவடி. என் பொண்ணு ஜெயகுமாரிக்கும் பூந்தமல்லி பையன் ஒருத்தனுக்கும் மனசு ஒத்துப்போச்சி. பையனோட அம்மா ஞானம்மாள் அக்கா சரின்னு சொல்லிட்டா கல்யாணம். சொல்லலன்னா இல்ல. பண்டிகை கழிச்சி வர்ற ஞாயித்துக்கெழம ஊட்டுக்கு வர்றேன்னு சேதி அனுப்பிட்டாங்க.

அந்த அக்கா ஒயின் போடறதுல பேர் போனவங்க. ஊட்டு ஒயின ஒரு வாய் குடிச்சே குடும்பத்த எடை போட்டுருவாங்கன்னு ஊரே சொல்லும். பயந்துட்டேன். வருசா வருசம் சகாயமேரி போடற ஒயின, "இந்த வாட்டி நான் போடறேன்"னு வாங்கிக்கினேன்.

பன்னீர் திராட்சைய நசுக்கி, சக்கரைய கொட்டி, ஜாடில போட்டு துணிய கட்டி வெச்சேன். அதோட வுட்டனா? கம்பெனில ஒருத்தன் கிராம்பு போடுன்னான், போட்டேன். ஒருத்தன் கலருக்கு பீட்ரூட்டுன்னான், அதையும் போட்டேன். எங்க கணக்குப் பிரிவு வீரராகவன் சார் கச்சேரி கச்சேரியா போறவர். "பால்ராஜ், காலைல ஜாடி பக்கத்துல வயலின் கேசட் போடுங்க. நாதம் பட்டா புளிக்கறதுகூட பக்குவமா புளிக்கும்"னாரு. போட்டேன். பொண்ணு கல்யாணத்த நெனச்சா தூக்கம் வரலன்னதுக்கு, "நடக்கறத வெளில நின்னு வேடிக்கை பாருங்க. தத்துவம் மொத்தமும் அவ்வளவுதான்"னாரு. எங்க நின்னு பாக்கறதுன்னு அவர் சொல்லல.

வீடியோ டெக்கு வாடகைக்கு வுடற துலுக்கானம் நம்ம தோஸ்து. "வர்றவங்க போர் அடிச்சி உக்காந்துகினு இருக்கப் போறாங்களா? நல்ல குடும்பப் படமா நான் கொண்டாறேன் மாமே, கவலைய வுடு"ன்னான்.

ஞாயித்துக்கெழம அக்கா வந்தாங்க. கைல கூடை. வீரராகவன் சாரும் வந்து உக்காந்தாரு. நான் ஒயின ஊத்திக் குடுத்தேன். ஒரு வாய் குடிச்சாங்க. டம்ளர கீழ வெச்சாங்க. மறுபடி எடுக்கவேயில்ல.

"இன்னாண்ணே, இருமல் டானிக் மாரி கீது?"

"துலுக்கானம், படத்த போடுடா"ன்னேன். போட்டான். பத்து நிமிசம்கூட ஆவல, படத்துல மாமியாக்காரி மருமவள முடிய புடிச்சி இழுத்துகினு போறா.

"இதாடா குடும்பப் படம்?"னு அவன் காதுல கேட்டேன்.

"குடும்பத்துக்குள்ள தான மாமே நடக்குது!"

சகாயமேரி போயி டிவிய நிறுத்திட்டா. அக்கா மூஞ்சில ஈயாடல. கூடைலேர்ந்து ஒரு பாட்டில எடுத்து, அவங்களே எல்லாருக்கும் ஊத்துனாங்க. "என் கையால போட்டது. குடிச்சிட்டு சொல்லுங்கண்ணே."

குடிச்சேன். பல்லு கூசுது. கண்ணுல தண்ணி வந்துடுச்சி. இன்னா சொல்றதுன்னு வீரராகவன் சார பாத்தேன். ஃபேன பாத்துகினு இருந்தாரு, வெளில நின்னு வேடிக்கை பாக்கறாரு போல. துலுக்கானம் டெக்கு ஒயர நோண்டறான். சகாயமேரி கண்ணாலயே 'சூப்பர்னு சொல்லுய்யா'ங்கறா. ஜெயகுமாரி மட்டும் என்னையே பாத்துகினு நிக்கறா. அந்தப் பொண்ண வெச்சிகினு வாய்ல பொய் வரலங்க.

"தப்பா நெனைக்காதீங்கக்கா. புளிச்சி காடியா பூட்ச்சி."

சகாயமேரி என் தொடைல ஒரு கிள்ளு கிள்ளுனா பாருங்க, மூணு நாள் கன்னிப்போயி கெடந்துது.

அக்கா தான் கொண்டாந்த ஒயின எடுத்து மெதுவா குடிச்சாங்க. வாய்ல வெச்சி யோசிச்சாங்க. "போன வருசம் என் மூத்த மருமவ இதே வார்த்தைதான் சொன்னா. பொறாமைல பேசறான்னு மூஞ்சி குடுத்துகூட பேசல அவகிட்ட. வர்றவன் போறவன்லாம் 'சூப்பரு, சூப்பரு'ன்னு குடிச்சிட்டுப் பூட்டானுங்களே, திருட்டுப் பசங்க." அப்பறம் ஜெயகுமாரி பக்கம் திரும்பி, "நீ இன்னாம்மா சொல்ற?"

"எங்கப்பா போட்டதும் நல்லா இல்ல ஆண்ட்டி."

வீரராகவன் சார் ஃபேன வுட்டுட்டு சிரிச்சிட்டாரு. எனக்கு மானம் போச்சி. அக்கா சிரிக்கல. "என்னுது ஊட்ல இன்னும் ஒரு ஜாடி கீது. கீழ ஊத்திடவா?"

"ஐயே, எதுக்கு ஆண்ட்டி? போர்க் வறுவலுக்கு ஊத்தி ஊற வெச்சா கறி பஞ்சு மாரி வேவும். மொளகு தூக்கலா போடணும். செஞ்சி பாருங்க."

"நான் செஞ்சி பாக்கறதா? நீ செஞ்சி குடு." எழுந்து பொடவைய ஒதறுனாங்க. என்ன பாத்து, "அண்ணே, அடுத்த ஞாயித்துக்கெழம ஜாடியோட வர்றேன், மூத்தவளயும் கூட்டிகினு. காலைல பூசை முடிச்சி ஃபாதராண்ட கல்யாண ஓலை வாசிக்க பேர் குடுத்துட்டு, மத்தியானம் இங்க சாப்புடலாம்"னாங்க.

"எந்தக் கடைல கறி வாங்கறதுக்கா?"ன்னு கேட்டேன்.

சகாயமேரி தலைல அடிச்சிகினா.