கிளெமென்ட் சார் வந்துபோன காலை

கிளெமென்ட் சார் மாதிரி மாதா கோவில் பங்குக்கு ஒருவர் இருந்தால் போதும், ஏழை என்று ஒருத்தர் இருக்க மாட்டார் என்று ஆரோக்கியம்மாள் போவோர் வருவோரிடமெல்லாம் சொல்லித் திரிந்தவள். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். கோவிலில் ஏழைகளுக்கு உதவும் சபைக்குத் தலைவர். மைக்கைப் பிடித்தாரென்றால் சாமியாரே கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார். ஆரோக்கியம்மாளும் இருந்த அந்தச் சபையில் ஒரு வழக்கம் உண்டு. உதவி செய்ய இரண்டு இரண்டு பேராகத்தான் போவார்கள். யாருக்குச் செய்தோம் என்பது அந்த இரண்டு பேரைத் தாண்டி வெளியே போகக் கூடாது. வாங்குகிறவருக்கும் மானம் உண்டல்லவா? அந்த வழக்கத்தை நம்பித்தான் ஆரோக்கியம்மாள் மோசம் போனாள்.

தவக்காலத்தில் ஒரு ஞாயிறு, பூசை முடிந்து எல்லோரும் போன பிறகும் கடைசி வரிசையில் ஒருத்தி எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்ததை ஆரோக்கியம்மாளும் கிளெமென்ட் சாரும் பார்த்தார்கள். வயிற்றுப்பிள்ளைக்காரி. பெயர் வினோலியா. இலங்கையில் மன்னாரிலிருந்து கள்ளத்தோணியில் வந்தவள். கையில் ஒரு காகிதம் கிடையாது. கூட வந்தவர்களைப் போலீஸ் பிடித்துப் போனதைக் கண்ணால் பார்த்திருந்தாள்.

“பிள்ளை பிறந்த பிறகு நானே போய்ச் சொல்லுறன் அக்கா. மறியலுக்குள்ள வச்சுப் பெற ஏலாது” என்றாள். சிறையைத்தான் மறியல் என்றாள்.

இப்படி வந்தவர்களை வீட்டில் வைத்தால் போலீசுக்குச் சொல்லியாக வேண்டும், சொல்லாவிட்டால் வைத்தவர் மேலும் வழக்கு வரும். இதை ஆரோக்கியம்மாளுக்கு விளக்கியதே கிளெமென்ட் சார்தான். விளக்கிவிட்டு அவரே சொன்னார்: “சட்டம் அப்படித்தான். ஆனா வயித்துப்புள்ளக்காரிய வெரட்டிட்டு, நாளைக்கு ஆண்டவர் முன்னாடி எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நிக்கிறது? ஒன் வீட்டுல வச்சுக்க ஆரோக்கியம். யாரும் கேட்டா நாந்தான் சொன்னேன்னு சொல்லு. நான் வந்து நிக்கிறேன்.”

அதோடு அவள் பயம் போய்விட்டது. புருஷன் செத்து, மகளையும் கட்டிக்கொடுத்துவிட்டு, தையல் மெஷினோடு தனியாகக் கிடந்தவள். வினோலியா வந்து ஜாக்கெட்டுகளுக்குக் கொக்கி வைத்துக் கொடுத்தாள். நத்தத்துச் சொந்தக்காரப் பெண் என்று தெருவில் சொல்லியாயிற்று. பேச்சு காட்டிக்கொடுத்துவிடுமே என்று பல்வலிக்காரி ஆக்கியும் ஆயிற்று. “மாசக்கணக்காவா ஒருத்திக்குப் பல்லு வலிக்கும்?” என்று பக்கத்து வீட்டுக் காதர் பீவி சிரித்தாள். அதற்கு மேல் அந்த மகராசி எதுவும் கேட்கவில்லை.

அன்று காலை கிளெமென்ட் சார் ஒரு பை நிறைய மாம்பழத்தோடு வந்தார்.

“இன்னும் எம்புட்டு நாளும்மா?”

“அடுத்த கிழமை எண்டு அக்கா சொல்லுறா சேர்.”

“பயப்படாத. ஆண்டவர் பாத்துக்குவாரு.” வினோலியாவின் தலையில் கை வைத்து, கண்ணை மூடி ஜெபித்தார். டீயையும் குடித்துவிட்டுத்தான் போனார்.

மத்தியானம் ஜீப் வந்தது. எஸ்.ஐ. ஜீவிதா கெட்டவளில்லை. துணிமணியை எடுத்துக்கொள்ளும்படி வினோலியாவிடம் சொல்லிவிட்டு, ஆரோக்கியம்மாளை மட்டும் வாசலுக்குக் கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“நீங்க வெவரம் தெரியாதவங்க, நத்தத்துக்காரின்னு பொய் சொல்லி அந்தப் பொண்ணு உங்கள ஏமாத்திருச்சு. அப்படியே எழுதிக் குடுங்கம்மா, உங்களுக்கு ஒண்ணும் வராது. கிளெமென்ட் சாரும் அப்படித்தான் சொன்னாரு.”

“எந்தக் கிளெமென்ட் சாரு?”

“அவர்தானே தகவல் குடுத்தது? மகன் வெளிநாடு போறாராம், பாஸ்போர்ட்டுக்குப் போலீஸ் வெரிபிகேஷன் வந்திருக்கு. இந்த நேரத்துல வம்பு வேணாங்குறாரு. ஆள் உள்ளதான் இருக்குன்னு காலைல போன் வந்துச்சு. நான் சொன்னேன்னு வெளிய சொல்லிறாதீங்க. தகவல் குடுத்தவங்க பேரைச் சொல்லக் கூடாது.”

ஆரோக்கியம்மாள் திரும்பி உள்ளே இருந்த மாம்பழப் பையைப் பார்த்தாள். அவர் பழம் கொடுக்க வரவில்லை, ஜெபிக்கவும் வரவில்லை. ஆள் இருக்கிறாளா என்று பார்க்க வந்திருக்கிறார். பாவி மனுஷன், நேரில் சொல்லியிருந்தால் அவரை ஒரு வார்த்தை கேட்டிருப்பாளா? அந்தப் பெண்ணை வேறெங்காவது கொண்டுபோய் விட்டிருப்பாளே.

“அவ என்னைய ஏமாத்தல மேடம். எல்லாந் தெரிஞ்சுதான் வச்சிருந்தேன்.”

“அப்ப உங்க மேலயும் கேஸ் வரும்மா.”

“வரட்டும்.”

பையோடு வெளியே வந்த வினோலியா இருவரும் கிசுகிசுப்பதைப் பார்த்தபடி நின்றிருந்தாள். பேசியது அவள் காதில் விழவில்லை.

“அக்கா, சேருக்குப் போனில ஒரு கோல் எடுங்கோ. அவர் வந்தால் இவையள் விடுவினம்.”

ஆரோக்கியம்மாளுக்குப் பொய் சொல்ல வாய் வரவில்லை.

“அவருதான் தாயி ஒன்னையப் புடிச்சுக் குடுத்தது.”

வினோலியா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். ஆரோக்கியம்மாள் எஸ்.ஐ.யைப் பார்த்தாள். ஆமாம் என்று ஒரு தலையசைப்புப் போதும். ஜீவிதா செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சேர் அப்பிடிச் செய்ய மாட்டார்” என்றாள் வினோலியா. “நீங்கள் பயந்து சொல்லிப் போட்டியள். பரவாயில்லை. அதுக்கு அந்த மனுசனில பழி போடாதேங்கோ அக்கா.”

“மாதா மேல சத்தியமா...”

வினோலியா கேட்க நிற்கவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு தானே ஜீப்பில் ஏறினாள். ஆரோக்கியம்மாள் வீட்டைப் பூட்டிவிட்டு ஓடிவந்து பின்னாலேயே ஏறினாள். வினோலியா பையைத் தூக்கிக்கொண்டு சீட்டின் மறுகோடிக்கு நகர்ந்தாள். தனக்கு இடம் விடுகிறாள் என்றுதான் ஆரோக்கியம்மாள் முதலில் நினைத்தாள்.