துவைத்த சட்டை

கால் எலும்பு முறிந்து வீட்டில் கிடந்த காப்பாளரைத் தேடி, மிருகக்காட்சிசாலையில் புதிதாகச் சேர்ந்த பெண் வந்தாள். அவர் ஒன்பது வருடமாகப் பார்த்துக்கொண்ட எறும்புத்தின்னி இரண்டு நாளாகத் தீனியைத் தொடவில்லையாம்.

"அதுக்குக் கண்ணு மங்கல், மூக்குதான் எல்லாமேன்னு டாக்டர் சொல்றாரு. உங்க அழுக்குச் சட்டை ஒண்ணு குடுங்கண்ணே. நான் போட்டுக்கிட்டுப் போனா நம்பிச் சாப்பிடும்."

அவருக்கு வயிறு எரிந்தது. முழங்கை நீள நாக்கை நீட்டித் தன் உள்ளங்கையை நக்குகிற ஜீவன், இவள் கையையும் நக்குமா?

"காலையில வந்து வாங்கிக்கோ," என்றார்.

அவள் போனதும், கட்டுப்போட்ட காலை இழுத்துக்கொண்டு குளியலறைக்குப் போய், அவளுக்குக் கொடுக்க வேண்டிய அழுக்குச் சட்டையை இரண்டு முறை சோப்புப் போட்டுக் கசக்கினார்.

மனைவி கதவருகே வந்து நின்றாள். "கல்யாணமாகி இருபது வருஷத்துல ஒரு கைக்குட்டை துவைச்சதில்ல. அந்தப் பொண்ணோட உங்க எறும்புத்தின்னி ஒட்டிக்குமேன்னு பயமா? எனக்கு ஒன்பது வருஷமா அது மேல இதே வயித்தெரிச்சல்தான். நீங்களும் கொஞ்சம் அனுபவிங்க."

மூன்றாம் நாள் அந்தப் பெண் போனில் அழுதாள். சட்டை போட்டுக்கொண்டு போயும் அது சாப்பிடவில்லை, நடக்கவே தள்ளாடுகிறது.

கேட்டதும் முதலில் அவருக்கு இனித்தது. அது ஐந்து நாளாக வெறும் வயிற்றோடு கிடக்கிறது என்பது பிறகுதான் உறைத்தது. உடம்பிலிருந்த சட்டையை அவசரமாகக் கழற்றி மனைவியிடம் நீட்டினார்.

"ஓடிப்போய்க் குடு. ஆனா அது சாப்பிட்ட உடனே சட்டையைத் திருப்பி வாங்கிட்டு வந்துடு. அவகிட்ட விட்டுடாதே."