மூடாத டேக்

அக்கா கணவருக்குத் தலைக்கனம் கொஞ்சநஞ்சமல்ல. சாஃப்ட்வேர் கம்பெனியில் டீம் லீடர். வீட்டிலும் தனக்கு அதே பதவிதான் என்று நினைப்பு. "நீ எழுதுறதெல்லாம் ஒரு கோடிங்கா? வெப்சைட்டுக்குக் கலர் மாத்துற வேலை" என்று மச்சினியைச் சீண்டுவார். நிரல் எழுதுகிறவர்கள் சந்தேகம் கேட்கும் ஓர் இணைய ஃபோரத்துக்கு, பதிவுகளைக் கண்காணித்துத் திருத்தும் மாடரேட்டர் அவள்தான் என்பது அவருக்குத் தெரியாது.

அன்று விடுமுறை. ஃபோரத்தில் 'கோடிங்புலி' என்றொருவர் பதிவு போட்டிருந்தார். "இந்த ஃபார்ம்ல என்ன தப்பு?" என்ற கேள்விக்குக் கீழே நிரலையே காணோம். ஒரு காலிப் பெட்டியும் பொத்தானும் அசட்டுத்தனமாக உட்கார்ந்திருந்தன. ஆசாமி, இணையப் பக்கத்தை வடிவமைக்கும் எச்.டி.எம்.எல். நிரலை அப்படியே ஒட்டியிருக்கிறார். பிரவுசர் அதை எழுத்தாகக் காட்டாமல், கட்டளையாக எடுத்துக்கொண்டு பெட்டியை வரைந்துவிட்டது.

கூடத்திலிருந்து அத்தான் குரல் கேட்டது. "நான் போட்ட கோட் எல்லாத்தையும் எவனோ தூக்கிட்டான்."

புலி யாரென்று தெரிந்துபோயிற்று. அவள் பதில் எழுதினாள்: 'யாரும் தூக்கவில்லை. ஒவ்வொரு < குறிக்கும் பதிலாக < என்று எழுதுங்கள். மொத்தத்தையும் 'ப்ரீ', 'கோட்' டேக்குகளுக்குள், அதாவது தொடக்கக் குறிக்கும் முடிவுக் குறிக்கும் நடுவில், வையுங்கள். பதிவுப் பெட்டிக்கு மேலேயே இது இருக்கிறது. படிக்கத் தெரியும்தானே?'

"எனக்கே பாடம் எடுக்குறான்" என்று கூடம் உறுமியது.

புலி மறுபடி போட்டது. இம்முறை நிரல் தெரிந்தது. ஆனால் திறந்த டேக்கை மூடவில்லை. அதற்குக் கீழே வந்த பதில்களெல்லாம் தட்டச்சு எழுத்தாகிச் சாம்பல் கட்டத்துக்குள் விழுந்தன. புலிக்கு வாழ்த்துச் சொன்னவனின் வாழ்த்தும் நிரல் மாதிரியே தெரிந்தது. 'புலியைக் கூண்டில் போட்டுப் பூட்டுங்கப்பா' என்று ஒருவன் எழுதினான்.

மதியச் சாப்பாட்டில் அத்தான் மார்தட்டினார். "ஒரு அரைவேக்காடு மாடரேட்டர். நான் போட்ட பதிவுல பக்கமே ஆடிப்போச்சு."

"ஆடித்தான் போச்சு அத்தான். டேக்கை மூடாம விட்டுட்டீங்க. நான்தான் போய் மூடிட்டு வந்தேன்."

அவர் கை தட்டிலேயே நின்றது. அக்காவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. தண்ணீர் எடுக்கிற சாக்கில் எழுந்து போனாள்.

"வீட்டுலயே சொல்லியிருக்கலாமே" என்றார், தலை நிமிராமல்.

"நீங்க வீட்டுல கேக்கலையே."

சாயங்காலம் அக்கா வந்து நின்றாள். "அந்த ஃபார்ம்ல என்னதான் தப்புன்னு கேக்குறாருடி."

"ஃபோரத்துல கேக்கச் சொல்லு."

மறுநாள் பதிவு வந்தது. டேக்குகளெல்லாம் ஒழுங்காக மூடியிருந்தன. பாராட்ட அவளுக்கு மனம் வரவில்லை. தப்பான வரியை மட்டும் சுட்டிக்காட்டிவிட்டு அடுத்த பதிவுக்குப் போனாள்.